பிரீஃப்-பி வினாத்தாள்: வலிப்பு உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்கு உதவும்?

வலிப்பு மருந்து சாப்பிடும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, சட்டென்று அடிக்கிறது, விளையாட்டை நிறுத்தச் சொன்னால் ஊரைக் கூட்டுகிறது என்று பெற்றோர் வந்தால், உளவியலாளர்கள் எடுக்கும் தாள்களில் பிரீஃப்-பியும் (BRIEF-P) ஒன்று. பிள்ளை அன்றாடம் தன்னைக் கட்டுப்படுத்தி, யோசித்து நடந்துகொள்ளும் திறனை அளக்கும் வினாத்தாள் இது. 2 வயது முதல் 5 வயது 11 மாதம் வரை இதைப் பயன்படுத்தலாம். மொத்தம் 63 வரிகள். கடந்த ஆறு மாதத்தை மனதில் வைத்து ‘இல்லை’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்று அம்மாவோ டீச்சரோ குறிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

தன்னை அடக்கிக்கொள்வதற்கு 16 வரிகள், வொர்க்கிங் மெமரிக்கு, அதாவது சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு செய்து முடிக்கும் திறனுக்கு, 17. வேறொன்றுக்கு மாறுவது, உணர்ச்சிக் கட்டுப்பாடு, திட்டமிடுவது ஆகியவற்றுக்குத் தலா 10. குறித்த பதில்களின் கூட்டுத்தொகையை அட்டவணையில் பார்த்து டி-ஸ்கோர் ஆக்குவார்கள், அதாவது அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் எண். சராசரி 50. 65-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். பள்ளி மார்க் போல இல்லை, கூடினால் சிரமம் அதிகம் என்று பொருள்.

இந்தத் தாளின் பலம், வீட்டிலும் வகுப்பிலும் நடப்பதைப் பிடிப்பது. அமைதியான அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து விளையாட்டுக் காட்டினால் பல பிள்ளைகள் நன்றாகவே செய்துவிடுவார்கள். பத்துப் பேர் கூச்சலிடும் எல்கேஜி வகுப்பில்தான் திணறல் தெரியும்.

ஆனால் வலிப்பு என்று வரும்போது இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ‘செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவிட்டு வா’ என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நிற்கும் பிள்ளைக்கு வொர்க்கிங் மெமரி மதிப்பெண் ஏறும். இரண்டாவது வேலையை மறந்திருக்கலாம். அந்த நேரத்தில் அப்சென்ஸ் வலிப்பு வந்தும் போயிருக்கலாம். கவனம் சிதறிய பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். அப்சென்ஸில் சில விநாடிகள் பார்வை நிலைகுத்தி, தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். தாளில் இரண்டுக்கும் ஒரே டிக்தான். சந்தேகம் இருந்தால் செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) தேவையா என்று அவர் சொல்வார்.

அடுத்தது மருந்து. லெவெட்டிராசிட்டம் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். பீனோபார்பிடோன் துறுதுறுப்பைக் கூட்டலாம். மருந்து மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தால், ‘கடந்த ஆறு மாதம்’ என்ற கேள்வி பழைய மருந்தையும் புதிய மருந்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் புது மருந்து தொடங்கும் முன்பே ஒரு தாளை நிரப்பி வைப்பது நல்லது. தாளின் ஓரத்தில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசியாக வலிப்பு வந்த நாள், இரவுத் தூக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் ஏறிவிட்டதே என்று மருந்தை வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு.

நிரப்புகிறவரைப் பொறுத்தும் எண் மாறும். மிகையாகக் குறை சொல்வதையும் முன்னுக்குப்பின் முரணாகக் குறிப்பதையும் கண்டுபிடிக்கத் தாளிலேயே தனிக் கணக்கு உண்டு. ‘பாவம், வலிப்பு வர்ற பிள்ளை’ என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுவதைப் பிடிக்க வழியில்லை. அம்மா ஒன்று, டீச்சர் ஒன்று எனத் தனித்தனியே இரண்டு தாள் வாங்குவது அவசியம். சேர்ந்து சில வாரமே ஆன டீச்சர் வேண்டாம்.

அட்டவணை அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டது. வரிகளைத் தமிழில் வாசித்துக் கேட்டால் அம்மா, டீச்சர் இருவரிடமும் ஒரே சொற்களில் கேட்க வேண்டும். 2-3 வயதுக்கு ஓர் அட்டவணை, 4-5 வயதுக்கு வேறு. நான்காவது பிறந்தநாளைத் தாண்டியதுமே நடத்தை மாறாமல் டி-ஸ்கோர் மாறலாம். அப்போது முன்பு குறித்த வரிகளையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐந்து வயது தாண்டிய பிள்ளையைப் பள்ளிக் காலம் முழுக்கத் தொடர்ந்து கவனிப்பதாக இருந்தால், 5 முதல் 18 வயதுக்கான இதே வகைத் தாளான பிரீஃப்-2-ஐ முதலிலேயே கேட்டு வாங்கலாம். இரண்டு தாளிலும் பிரிவுகள் வேறு. பாதியில் மாறினால் பழைய எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது.