ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

மட்டக்களப்பில் பழைய லேப்டொப்பைத் திருத்தக் கொடுக்கும் கம்பஸ் பிள்ளைகள் பலர், தரவைச் சேமிக்கும் பாகமாக இந்த இரண்டில் எதைப் போடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும். தட்டைத் தொடாமல் மயிரிழையிலும் குறைந்த உயரத்தில் மிதக்கும் ஒரு முனை தரவை வாசிக்கும், எழுதும். எஸ்.எஸ்.டி.யில் அசைகிற பாகமே இல்லை. சின்னஞ்சிறு சிலிக்கன் கலங்களில் தரவு மின்னேற்றமாக அடைபட்டிருக்கும்.

வேகம்: ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 200 மெகாபைட். சாட்டா என்ற இணைப்பு வழியாக ஓடும் எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500.

விலை: ஒரே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க்தான் மலிவு.

குலுக்கல்: கல்முனை பஸ்ஸில் மடியில் வைத்து வேலை செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் முனை தட்டில் உரசக்கூடும். எஸ்.எஸ்.டி.க்கு அந்தப் பயம் இல்லை.

ஆயுள்தான் சிக்கலான இடம். எஸ்.எஸ்.டி.யின் கலங்கள் எழுத எழுதத் தேயும், ஆனால் வீட்டுப் பாவனையில் அந்த எல்லையைத் தொடுவது அரிது. மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைத்தால் மின்னேற்றம் கசிந்து தரவு போகலாம். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன் பல வேளை டிக் டிக் என்று சத்தம் போடும், எஸ்.எஸ்.டி. சொல்லாமலே நின்றுவிடும். என் தங்கச்சியின் கலியாணப் படங்கள் அப்படித்தான் போயின, இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சரி, லேப்டொப்புக்குள் போட எஸ்.எஸ்.டி.யையே வாங்குங்கள். படம், வீடியோ சேர்த்து வைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் போதும். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதியும் வேறிடத்தில் இருக்கட்டும்.