மொட்டை மாடியில் ஆறு வருடம்: மார்னிங் குளோரி வளர்த்த அனுபவம்

விடியலில் பூத்துச் சில மணி நேரத்தில் வாடிவிடும் கொடி மார்னிங் குளோரி. அதை வளர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "காலையில எத்தனை மணிக்கு மாடிக்குப் போவீங்க?" என்பதைத்தான். என்ன நிறம் வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். எட்டரை மணிக்குக் காபி டம்ளரோடு மாடியேறுகிறவர் வீட்டில், திருச்சி வெயிலுக்கு, பாதி வகைகள் அதற்குள் சுருண்டு தொங்கிக்கொண்டிருக்கும். செடி பூக்கவே இல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். அது விடியும் முன்பே பூத்து முடித்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆனது. உறையூரில் எங்கள் மொட்டை மாடி மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் முழுக்க அங்கேதான் விழும். 2019 ஆடியில் முதல் விதையை ஊன்றினேன். அதிலிருந்து இன்றுவரை ஆறு வகை வளர்த்துப் பார்த்திருக்கிறேன். நான்கு என்னோடு நின்றுவிட்டன. ஒன்றை நானே எடுத்துவிட்டேன், இன்னொன்று தங்கவில்லை.

பிள்ளையார் சுழி போட்டது அம்மா. ஒரத்தநாட்டுப் பக்கம் அவர் பிறந்த வீட்டில் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் மயில்மாணிக்கம் படர்ந்து கிடக்குமாம். அதுவும் மார்னிங் குளோரி வகைதான் என்று நான் சொன்னபோது, "அட, இதுக்குப் போயா காசு குடுத்து விதை வாங்குனே?" என்றார். அடுத்த வாரமே பக்கத்துத் தெரு வேலியிலிருந்து ஒரு பிடி காய்ந்த காய்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். எங்கள் மாடியில் நிலைத்த முதல் கொடி அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் மயில்மாணிக்கத்தைத்தான். முளைத்ததும் வருகிற இரண்டு இலைகளே ஆங்கில வி எழுத்துப் போலப் பிளந்து நிற்கும், அதனால் களையோடு சேர்த்துப் பிடுங்கிவிட மாட்டோம். வளர்ந்த இலை மயிலிறகின் ஓரத்தைப் போல நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பூ கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சிவப்பு நட்சத்திரம். வெள்ளையும் ரோஸும்கூட உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த கொடி என்றாலும் நம் ஊர் வெயில் இதற்குப் பழகிப்போய்விட்டது. மற்றவை வாடிய பிறகும் பத்து, பதினொரு மணிவரை தாக்குப்பிடிக்கும். தேன்சிட்டு தினமும் வருகிறது. இரண்டாம் வருடத்திலிருந்து நான் விதைக்கவே இல்லை. கைப்பிடிச் சுவர் விரிசலில்கூடத் தானாக முளைக்கிறது. ஒரே தொந்தரவு, அதிகமான நாற்றுகளைக் கண்டிப்பாகக் கலைக்க வேண்டும். எனக்கு அதில்தான் மனசு வராது.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு ஓடும் அடம்பு, கீரைக்கட்டில் வரும் வள்ளைக்கீரை, ஏரிக்கரையை அடைத்துக்கொண்ட நெய்வேலிக் காட்டாமணக்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாமே ஐபோமியா என்ற ஒரே பேரினம். மார்னிங் குளோரிக்குச் சொல்லும் காக்கட்டான் என்ற பெயர் சில ஊர்களில் சங்குப்பூவுக்கும் வழங்குவதால் பலர் அதையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அது அவரை, பயறு இனம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, கடைப் பாக்கெட் விதைக்கு வருகிறேன். 2020இல் இணையத்தில் 'ஹெவன்லி ப்ளூ' என்று வாங்கிய விதையில் வந்தது வேறு செடி. வான நீலத்துக்காக மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகு ஊதாப் பூ வந்தால் எப்படி இருக்கும்! அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது என்னைப் பூவரைக்கும் ஏமாற்ற முடியாது, இலையிலேயே தெரிந்துவிடும். ஹெவன்லி ப்ளூவின் இலை இதய வடிவம், தண்டு வழவழப்பு. ஜப்பானிய வகை என்று விற்கப்படும் ஐபோமியா நில்லின் இலை பெரும்பாலும் மூன்றாகப் பிரிந்திருக்கும், தண்டிலும் மொட்டின் அடியிலும் பூனைமயிர் இருக்கும். காயை உடைத்தும் பார்க்கலாம். நில் காயில் மூன்று அறை, நன்றாகக் காய்த்தால் ஆறு விதை. ஹெவன்லி ப்ளூவில் இரண்டு அறை, நான்கு விதை.

விதைத் தோல் கல் மாதிரி இருக்கும். அப்படியே போட்டால் பாதி முளைக்காது. நகவெட்டியால் வட்டமான முதுகுப் பக்கம் லேசாகக் கீறிவிட்டு, ராத்திரி தண்ணீரில் போடுகிறேன். காலையில் இரண்டு மடங்கு உப்பியதை மட்டும் ஊன்றுவேன், உப்பாததை மறுபடி கீறுவேன். கண் இருக்கும் முனையைக் கீறக் கூடாது, முளை அங்கேதான் வரும். முக்கியமான ஒன்று: இந்த விதைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். நில் விதை கடுமையான பேதி மருந்து, ஹெவன்லி ப்ளூ விதையில் மூளையைப் பாதிக்கும் பொருள்கள் இருக்கின்றன. மிளகு மாதிரி கறுப்பாக இருப்பதால் நான் அஞ்சறைப் பெட்டி பக்கமே கொண்டுபோவதில்லை.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நில்தான். ஜப்பானியர் இதை அசகாவோ என்கிறார்கள், காலை முகம் என்று பொருள். சீனாவிலிருந்து நாரா காலத்தில் (எட்டாம் நூற்றாண்டு) மருந்தாகப் போன விதை, எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மக்களுக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. இலை சுருண்டது, இதழ் நூலாகக் கிழிந்தது, பூவா இறகா என்று தெரியாதது என்று விதவிதமாக உருவாக்கினார்கள். இன்றும் டோக்கியோவின் இரியாவில் ஜூலை 6 முதல் 8 வரை அசகாவோ சந்தை நடக்கிறது. முதல் வகுப்புக் குழந்தைகள் பள்ளியில் ஆளுக்கொரு தொட்டியில் இதை வளர்த்து, கோடை விடுமுறைக்கு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாடே தன் பிள்ளைகளுக்கு முதல் செடியாக இதைக் கொடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு முறை மாடித்தோட்டத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. தொட்டியில் மூன்று மூங்கில் குச்சி, அவற்றில் மூன்று கம்பி வளையம், விளக்குக் கூண்டு மாதிரி. கொடி அதைச் சுற்றியே ஏறும். ஏழெட்டு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு, இடுப்பளவு உயரத்திலேயே பூக்கும். ஒன்று கவனிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கொடி கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நான் முதலில் உதவி செய்வதாக நினைத்து மாற்றிச் சுற்றிவிட்டேன். மறுநாள் நுனி மொத்தமும் கழன்று, தன் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

2022இல் தெருவில் புது எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். அந்த வருடம் மேற்கு மூலையிலிருந்த நில் தொட்டியில் இலை, இலை, இலைதான். மீன் அமிலம் அதிகமாகிவிட்டதோ என்று நிறுத்திப் பார்த்தேன், உரம் கூடினால் இலைதான் வரும் என்பதும் உண்மைதானே. ஒன்றும் மாறவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்ற அதே வயதுச் செடி மட்டும் பூத்துத் தள்ளியது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நில் நீண்ட இரவை எண்ணி மொட்டு வைக்கும் செடி. 'வயலட்' என்ற ரகத்துக்கு ஒரே ஒரு நீண்ட இரவு போதும் என்பதால் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாக அதை வைத்தே ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆனால் இருட்டின் நடுவே வெளிச்சம் விழுந்தால் கணக்குக் கெட்டுவிடும். தொட்டியை நிழல் பக்கம் நகர்த்தினேன். சில வாரங்களில் இலைக் கக்கத்தில் திருகிய மொட்டுகள்.

மலரும் நேரமும் சூரியன் மறைவதிலிருந்துதான் கணக்கு. பொழுது சாய்ந்து சுமார் பத்து மணி நேரத்தில் விரியும். மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது, குளிர்ச்சியும் சேர்ந்தால் இன்னும் முந்திவிடும். அம்மா கோலம் போட எழுந்திருக்கும்போதே உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளை விளிம்போடு விரிந்து நிற்கும். அந்த மாதங்களில் கோலம் முடிந்ததும் அம்மா மாடிக்கு வருவார். நான் போவதற்குள், "இன்னிக்கு பதினாலு" என்று எண்ணிச் சொல்லிவிடுவார்.

இனி ஹெவன்லி ப்ளூ. பாடாய்ப்படுத்தும் செடி, ஆனால் விடமாட்டேன். மெக்சிகோவைச் சேர்ந்த இது நம் கோடைக்கு ஒத்துவரவில்லை. சித்திரையில் விதைத்துச் சிவப்புச் சிலந்திப்பேனிடம் பறிகொடுத்தேன். இலை வெளுத்து, அடியில் மெல்லிய வலை கட்டிவிடும். ஆவணிக் கடைசியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் பூக்கிறது. ஐப்பசி மழையில் தொட்டியில் தண்ணீர் நிற்கக் கூடாது, ஒரு வருடம் மூன்று செடிகள் அப்படியே அழுகிப்போயின. இப்போது செம்மண்ணோடு மணலும் தேங்காய் நார்க் கழிவும் தாராளமாகக் கலந்து, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றிவைக்கிறேன்.

இவ்வளவு பாடும் அந்த நீலத்துக்காகத்தான். முதல் நாள் மாலை மொட்டைப் பார்த்தால் கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறம். விடியற்காலையில் அதே இதழ் வான நீலம். நிறமி மாறுவதில்லை. இதழின் செல்லுக்குள் இருக்கும் சாற்றின் அமிலத்தன்மைதான் குறைகிறது. அமிலம் குறையக் குறைய ஏறும் பி.எச். என்ற அளவு 6.6இலிருந்து 7.7க்குப் போகிறது என்று ஜப்பானில் அளந்து, 1995இல் வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு இதழைக் கசக்கி, அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடம் மட்டும் கண்ணெதிரே ரோஸாக மாறியது. வாடும் பூ பிற்பகலில் ரோஸ் கலந்து சுருள்வதும் இந்த வழியில்தான். மேகமூட்டமான நாளில் இது மதியம்வரை நிற்கும், எட்டரை மணிக்காரர்களுக்கும் கிடைக்கும்.

எடுத்துவிட்டது ஐபோமியா பர்ப்யூரியா, அதிலும் 'கிராண்ட்பா ஓட்' என்ற அடர் ஊதா ரகம். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து அமெரிக்காவின் அயோவாவுக்குப் போன குடும்ப விதை. பழைய ரக விதைகளைக் காக்கும் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 1975இல் தொடங்கக் காரணமான விதைகளில் ஒன்று. கதை அழகு, பூவும் அழகு. ஆனால் எங்கள் மாடியில் ஏழரைக்கெல்லாம் துவண்டது, சிலந்திப்பேனும் விடவில்லை. ஓசூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். நீல ஐபோமியா இண்டிகா துண்டு ஒன்று வாங்கி வைத்தேன், அது வேர் பிடிக்காமலே போய்விட்டது. அது ஆஸ்திரேலியாவில் காடுகளை மூடுகிற களையாகிவிட்டது என்று படித்த பிறகு மறுபடி கேட்கவில்லை.

நான்காவது கொடி காலையில் பூப்பதே இல்லை. மூன்ஃப்ளவர், எங்கள் வீட்டில் நிலாப்பூ. கணவர் வேலை முடிந்து வீடு வர இரவு பத்தாகும். அவருக்காகத்தான் இதை வைத்தேன். ஆறரை மணி வாக்கில் குடையைத் திருகி மூடியது போல நிற்கும் மொட்டு லேசாக நடுங்கும். பிறகு திருகல் அவிழ்ந்து, சில நிமிடங்களில் உள்ளங்கை அகல வெள்ளைத் தட்டாகிவிடும். நின்று பார்த்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அசைவு. நடுவில் இளம்பச்சையில் ஐந்து கோடு, நல்ல வாசனை, விடியும்வரை நிற்கும். கொடிக்கு இடம் நிறைய வேண்டும், எங்களுக்குப் பந்தலே போட வேண்டியதாயிற்று.

போன வருடம் அந்தப் பந்தலில் விரல் நீளப் பச்சைப் புழு, வாலில் கொம்போடு. ஒரே நாளில் ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டது. வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிவிட்டேன், ஆனால் அடிக்கவில்லை. இரண்டே புழுதான் இருந்தன, இலை தாராளமாக இருந்தது. சில நாளில் காணாமல் போயின. பிறகு பக்கத்துச் செடிப் பையைக் கொட்டி மண் மாற்றும்போது பழுப்பு நிறக் கூட்டுப்புழு ஒன்று கிடைத்தது. தலைப்பக்கம் கூஜாவின் கைப்பிடி மாதிரி ஒரு வளையம் வெளியே வளைந்திருந்தது. வரப்போகும் அந்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல் அதற்குள்தான் உருவாகிறது. இருந்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடினேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இருக்கும். இரவு பத்தேகாலுக்கு இவர் மாடியிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். "விளக்கைப் போடாம வா." சாம்பல் நிற இறக்கை, வயிற்றில் ரோஸும் கறுப்புமாகப் பட்டைகள். பூவுக்குச் சற்றுத் தள்ளி அந்தரத்தில் நின்றபடியே குழலை உள்ளே விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. பந்தலில் அன்று ஒன்பது பூ. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் போனது.