டேவிட் அட்டன்பரோவின் ‘லைஃப் ஒன் ஏர்த்’ இறுவட்டுத் தொகுதி

பூமியில் உயிர்கள் தோன்றிப் பெருகிய கதையைச் சொல்லும், பிபிசி 1979இல் ஒளிபரப்பிய இந்த ஆவணத் தொடரின் இறுவட்டுத் தொகுதியை ஹட்டன் கடையொன்றில் வாங்கி, ஆடி மழை எங்களை வீட்டுக்குள் அடைத்துப் போட்டிருந்த நாட்களில் 13 பாகங்களையும் குடும்பமாகப் பார்த்து முடித்தோம். வாங்கிய விலைக்கு இருமடங்கு பெறுமதியானது என்பதே என் தீர்ப்பு.

தொடரை எழுதி வழங்கும் அட்டன்பரோ 1952இல் பிபிசியில் சேர்ந்தவர். 1954இல் தொடங்கிய ‘ஸூ குவெஸ்ட்’ தொடரை நடத்தவிருந்த, லண்டன் மிருகக்காட்சிசாலையைச் சேர்ந்த ஜாக் லெஸ்டர் நோயுற்றதால்தான் அவர் கமெராவின் முன் வந்தார். அந்த மிருகக்காட்சிசாலைக்காக உயிரினங்களைப் பிடித்துவரும் பயணங்களே அந்நாளில் அவருடைய நிகழ்ச்சி. 1965இல் பிபிசி இரண்டாம் அலைவரிசையின் பொறுப்பாளரான அவர், பின்னர் நிர்வாகப் பதவியை உதறிவிட்டு மீண்டும் காட்டுக்குப் போனார். பிடிக்கச் சென்றவர், கால் நூற்றாண்டு கழித்து, விலங்கின் அருகே சும்மா உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதை இத்தொடரில் கண்ணாரக் காணலாம்.

பன்னிரண்டாம் பாகத்தின் ருவாண்டா காட்சி அதற்குச் சாட்சி. மலைச்சரிவின் பச்சைச் செடிகளுக்கிடையே கொரில்லாக் குடும்பமொன்றின் நடுவில் படுத்தபடி, அவற்றை வெருட்டிவிடாத தாழ்ந்த குரலில் அவர் பேசுகிறார். குட்டிகள் அவர்மீது ஏறி விளையாடுகின்றன. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மா, “அசையாம கெடக்குறாரு பாருப்பா, வெவரமான மனுசன்” என்றார். ஒருமுறை தேயிலைச் செடிக்கடியில் குட்டிகளோடு படுத்திருந்த சிறுத்தையைக் கண்டு, கூடையை ஓசைப்படாமல் இறக்கி வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்வாங்கி வந்தவர் அவர். அந்த மனிதரின் அடக்கத்தை எங்கள் வீட்டில் முதலில் புரிந்துகொண்டவர் அவரே.

குறைகளும் உண்டு. பேச்சு முழுவதும் ஆங்கிலம். அடிக்கடி நிறுத்தி அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய துல்லியமான படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு வர்ணங்கள் சற்று மங்கலாகவே தெரியும். எனக்குக் கிடைத்த தொகுதியில் ஒரு வட்டு இடையிடையே நின்றது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். முதற் பாகங்களில் புதைபடிவங்கள் பற்றிய விளக்கம் சிறுவர்களுக்கு நீளமாகத் தோன்றலாம். ஆனால் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அப்பகுதியே பெரும் பயன் தரும்.

தொகுதியை இப்போது எங்கள் லயத்துப் பிள்ளைகள் முறை வைத்து வாங்கிப் பார்க்கிறார்கள். கொரில்லா வரும் வட்டை மட்டும் இரவலாகக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.