மழை படாத மூலையைப் பாருங்கள்: கடலோரத் தரை வீட்டுக்கான ‘டிசைன் அண்ட் பில்ட்’ சேவை, ஒரு மதிப்புரை

வரைபடம், அனுமதி, கட்டுமானம், உள்ளலங்காரம் என எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் பார்த்துக்கொண்டு கடைசியில் சாவியைக் கையில் தருவதுதான் ‘டிசைன் அண்ட் பில்ட்’ சேவை. சிங்கப்பூரில், கடலை விட்டு உள்ளே இருக்கும் புக்கிட் தீமாவிலோ சிராங்கூன் கார்டன்சிலோ தரை வீடு (அடுக்குமாடியல்லாத வீடு) கட்டுவோருக்கு அது பெரும்பாலும் போதும். கடலோரத்தில் செந்தோசா கோவ் குடியிருப்பிலோ, மவுண்ட்பேட்டன், சிக்லாப், பாசிர் ரிஸ் பக்கமோ கட்டுவோருக்கு அது வழக்கமாக வரும் வடிவத்தில் போதாது என்பது எங்கள் தீர்ப்பு. நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்று சொல்லவில்லை. அவை நீட்டும் பொருள் பட்டியல் உள்நிலத்து வீட்டுக்காக எழுதப்பட்டது. கடலோர வீட்டுக்கும் அதே பட்டியல்தான் வருகிறது. பளிங்கும் கண்ணாடியும் சமையலறைச் சாதனங்களும் மட்டும் விலை கூடுகின்றன.

“நம் கடலில் அலை சிறியது, சென்னைக் கடற்கரை போல உப்புக் காற்று வராது” என்று விற்பனைப் பேச்சில் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானாக ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஆக, இங்கே படியும் உப்பு கொஞ்சமே என்றாலும் இரவெல்லாம் ஈரமாகவே இருக்கிறது. நமக்குக் கைகொடுப்பது மழை. 1991 முதல் 2020 வரையிலான சாங்கிக் கணக்குப்படி ஆண்டுக்குச் சராசரியாக 171 மழை நாள், 2,113 மி.மீ. மழை. மழை படும் சுவரும் கம்பியும் கழுவப்பட்டுவிடும். பால்கனியின் அடிப்பரப்பு, கார் நிறுத்துமிடக் கூரையின் உட்புறம், லூவருக்கு (சாய்பட்டைத் தடுப்புக்கு) பின்பக்கம், கேட் மோட்டார் பெட்டி போன்ற இடங்களில் மழை படாது. உப்பு அங்கே சேர்ந்துகொண்டே போகும், துருவும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். வழக்கமான பட்டியலோ கண்ணுக்குத் தெரியும் முகப்புக்கு உயர்ந்த தரத்தையும் இந்த மறைவிடங்களுக்கு மலிவான தரத்தையும் போடுகிறது. தலைகீழ் ஏற்பாடு இது.

கான்கிரீட்டிலிருந்து தொடங்குவோம். பின்னால் மாற்றவே முடியாதது அதுதான். பொறியாளரின் குறிப்புத் தாளில் ‘எக்ஸ்எஸ்1’ (XS1) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கடல் நீர் நேரடியாகப் படாமல் உப்புக் காற்று மட்டும் படும் கான்கிரீட்டுக்கான வகை அது. கடல் நீர் தெறிக்கும் சுவர் என்றால் எக்ஸ்எஸ்3. எக்ஸ்எஸ்1க்குப் பரிந்துரைக்கப்படும் எல்லைகள்: நீர்–சிமெண்டு விகிதம் 0.50க்கு மேல் கூடாது, வலிமைத் தரம் சி30/37க்குக் குறையக் கூடாது, கன மீட்டருக்குச் சிமெண்டு 300 கிலோவாவது வேண்டும். எக்ஸ்எஸ்3க்கு 0.45, சி35/45, 340 கிலோ. கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனத்தைத் தளத்தில் ‘கவர்’ என்பார்கள். கான்கிரீட் வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதியான யூரோகோட் 2இல், 50 ஆண்டு ஆயுளுக்கு எக்ஸ்எஸ்1 கவர் 35 மி.மீ.; வேலையில் வரும் விலகலுக்காக இன்னும் 10 சேர்த்து 45. வெளிப்புறத் தூணுக்கும் பால்கனிக்கும் 25, 30 என்ற எண்கள் வரைபடத்தில் தெரிந்தால் அந்த வரைபடம் கடலுக்காகப் போட்டதல்ல.

செந்தோசா கோவ் நிலம் 99 ஆண்டுக் குத்தகை. இன்னும் 70 ஆண்டுகளுக்கு மேல் மீதியுள்ள நிலத்தில் 50 ஆண்டுக் கணக்கில் வீடு கட்டுவது ஏன் என்று கேளுங்கள். 100 ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டால் அதே விதி கூடுதலாகக் கேட்பது 10 மி.மீ. கவர் மட்டுமே. மொத்தச் செலவில் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

காகிதத்தில் 45 என்று இருந்தாலும் தளத்தில் அது 45ஆக நிற்க வேண்டும். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் சிமெண்டில் செய்ததாக, கான்கிரீட்டுக்கு இணையான வலிமையோடு இருக்கட்டும். மரத்துண்டையோ உடைந்த ஓட்டையோ கம்பிக்கு அடியில் செருகுவதை விடவே கூடாது. கட்டுக்கம்பியின் முனையை உள்பக்கமாக மடக்க வேண்டும். வார்ப்புப் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு முனை போதும், சில மாதங்களில் சுவரில் துருப்புள்ளி தெரியும். லாரியில் வந்த கலவை இறுகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றினால் நீர்–சிமெண்டு விகிதம் அங்கேயே கெட்டுப்போகும். இரும்பு உலைக் கசடு சேர்த்த சிமெண்டு உப்பின் ஊடுருவலை நன்றாகத் தடுக்கிறது, அதையே கேளுங்கள். ஆனால் அது மெதுவாக இறுகும், ஆகவே குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். பலகை பிரித்ததும், பூச்சு வேலைக்கு முன், கவரின் கனத்தை வெளியிலிருந்தே காட்டும் கவர் மீட்டர் வைத்து அளந்து அறிக்கை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரும்பாலான பட்டியல்களில் இந்த ஒரு வரி இருக்காது. கேட்டால் தர மறுக்கும் நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கழிவறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது காற்றிலுள்ள கரியமிலவாயு பல ஆண்டுகளாக மெல்லப் புகுந்து செய்யும் வேலை. கடல் உப்பிலுள்ள குளோரைடு அப்படிப் பரவலாகத் தின்னாது. கம்பியில் ஒரே இடத்தில் குழி தோண்டும். காரை வீங்கி வெளியே தெரியும்போது கம்பியின் கனம் உள்ளே ஏற்கெனவே குறைந்திருக்கும்.

அடுத்தது உலோகம். பட்டியலில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் இருந்தால் வருவது 304 என்ற தரம். கடலோரத்தில் வெளிவேலைக்கு வேண்டியது 316. இதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதுதான். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியும் என்ற நம்பிக்கை தவறு, இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாதவை. ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 316லும் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் தேநீர்க் கறை போலப் பழுப்பு படியும். சொரசொரப்பின் அளவு 0.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்குக் கீழ் என்று எழுதுங்கள். கைப்பிடிக்கு 316 போட்டுவிட்டு அதை மாட்டும் திருகாணிக்கு 304 போடுவது துணை ஒப்பந்தக்காரர்களிடம் அடிக்கடி நடக்கிறது. கண்ணாடித் தடுப்பின் அடிப்பிடிகளுக்கு 2205 டூப்ளெக்ஸ் என்ற ஸ்டெயின்லெஸ் வகை இன்னும் நல்லது.

துத்தநாகம் பூசிய இரும்பு, அதாவது தளத்தில் ‘ஜிஐ’ என்பது, இரண்டு வகை. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது ஒன்று; 6 மி.மீ.க்கு மேல் கனமுள்ள இரும்பில் அந்தப் பூச்சு சராசரி 85 மைக்ரான் வர வேண்டும். மற்றது மின்முலாம் பூசியது, அதில் சில மைக்ரான்தான் இருக்கும். உப்பு மிகுந்த, சி5 எனப்படும் கடலோரச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும். முதல் வகை 10 முதல் 20 ஆண்டு நிற்கும். இரண்டாவது வகை ஏர்கான் தாங்கியோ, ஒளிவுக்கூரை (ஃபால்ஸ் சீலிங்) கொக்கியோ, இரண்டு மூன்று ஆண்டில் சிவந்துவிடும். முக்கி எடுத்த பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து போகும். வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடித்த பின்பே முக்க வேண்டும்.

அலுமினிய ஜன்னல் சட்டத்துக்கு ‘பவுடர் கோட்டிங்’ (பொடிப் பூச்சு) என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் குறிக்கலாம். ஏஏஎம்ஏ என்ற அமெரிக்க உற்பத்தியாளர் சங்கத்தின் 2603, 2604, 2605 என்ற மூன்று தரங்கள் முறையே 1, 5, 10 ஆண்டு ஃபுளோரிடா வெயிலில் வைத்துச் சோதித்ததைக் காட்டுகின்றன. 2605 கேளுங்கள். பூச்சுக்கு முந்திய அமிலக் கழுவலில் சதுர மீட்டருக்கு 2 கிராமாவது அலுமினியம் அரிக்கப்பட வேண்டும் என்பது பூச்சுக்குத் தரச் சான்று தரும் குவாலிகோட் அமைப்பின் ‘சீசைட்’ தரம். இந்தக் கழுவல் போதாவிட்டால் வெட்டிய ஓரத்திலிருந்து புழு ஊர்ந்த தடம் போலப் பூச்சுக்கு அடியில் அரிப்பு ஓடும். தளத்தில் துளையிட்ட இடத்தையெல்லாம் உடனே அடைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் வேண்டும். உத்தரவாதத் தாளையும் முழுதாகப் படியுங்கள். கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் செல்லாது, கழுவிய பதிவேடு இல்லாவிட்டால் செல்லாது என்ற வரிகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

கதவு ஜன்னலில் வீட்டுக்காரர்கள் அதிகம் விரும்புவது, அதிகம் ஒழுகுவது, இரண்டும் ஒன்றே: உள்தரையும் பால்கனித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் சறுக்குக் கதவு. சுமத்ராப் பக்கமிருந்து திடீரென வீசும் சுமத்ராக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையோடு வரும்போது கதவுத் தண்டவாளத்திலுள்ள வடிதுளையால் அத்தனை நீரையும் வெளியேற்ற முடியாது. கதவின் முழு அகலத்துக்கும் வெளியே வடிகால், அதை நோக்கி 100க்கு 1 சரிவு. இவை வரைபடத்தில் இல்லையென்றால் படி வைத்துக் கட்டுங்கள். ஒளிவுக்கூரை அடிக்கும் முன்பே ஒவ்வொரு ஜன்னலிலும் குழாய் நீர் பீய்ச்சிப் பார்க்க வேண்டும்.

நிலத்தடி அறை வேண்டுமா என்பதை இருமுறை யோசியுங்கள். கரையோரத்தில் கல்லாங் படிவம் எனப்படும் மண்ணடுக்கின் கடற்களிமண்ணும், கடலைத் தூர்த்து நிலமாக்கப் போட்ட மணலும் அதிகம், நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கி அழுத்தும். அறையின் அடித்தளம் நீர்மட்டத்துக்கு 3.5 மீட்டர் கீழே, பரப்பு 120 சதுர மீட்டர் என்றால் 420 டன் அதைக் கப்பல் போல மிதக்கவிடப் பார்க்கும். மேல்மாடியின் எடை ஏறும் முன்பே நீர் இறைக்கும் பம்பை நிறுத்தினால் ஆபத்து. நீச்சல்குளத்தைப் பழுதுபார்க்கக் காலிசெய்யும்போதும் இதே கணக்குதான். 6 மீட்டருக்கு மேல் தோண்டினால் அது தனி மண்ணியல் சரிபார்ப்பாளர் தேவைப்படும் வேலை; காலமும் செலவும் கூடும். தோண்டும் முன்பே பக்கத்து வீட்டுச் சுவர்களைப் படமெடுத்து வைப்பது கட்டாயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீர்காப்புப் பூச்சை மட்டும் நம்பாமல், உட்சுவருக்குப் பின் வடிகால் இடைவெளியும் இரண்டு பம்புகளும் வேண்டும்.

ஏர்கான் வெளிப்பெட்டி பூச்சுள்ள தகட்டோடு வரட்டும். கடலைப் பார்த்த பக்கத்தில் வைக்காதீர்கள், கழுவக் கை எட்டும் இடமாக இருக்கட்டும்.

சேவையின் பெரிய குறை மேற்பார்வை. சட்டப்படி நியமிக்கப்படும் தள மேற்பார்வையாளர் பார்ப்பது கட்டமைப்பை. ஜன்னல் திருகாணியும் பூச்சும் அவர் பொறுப்பல்ல. தனியாகக் கட்டடக் கலைஞரை அமர்த்தினால் அவர் உங்கள் பக்கம் நின்று அதைப் பார்ப்பார். ‘டிசைன் அண்ட் பில்ட்’ முறையில் அவருக்கும் சம்பளம் கட்டுமான நிறுவனத்திடமிருந்துதான். இந்த முறையையே தேர்ந்தெடுப்பதானால் வாரம் இரண்டு நாளாவது வந்து உங்கள் சார்பில் வேலையைச் சரிபார்க்கும் ‘கிளார்க் ஆஃப் ஒர்க்ஸ்’ ஒருவரை நீங்களே சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். நிறுவனத்தின் கட்டுமான உரிமத்தையும் பாருங்கள். இரண்டாம் வகுப்பு உரிமம் 6 மில்லியன் வெள்ளி வரையிலான ஒப்பந்தத்துக்கு மட்டுமே.

நிறுவனத்திடமிருந்து பணம் கோரும் கடிதம் வந்ததும் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 21 நாளுக்குள், எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள். பதில் அனுப்பாமல் விட்டால் கட்டணத் தகராறை விசாரிக்கும் தீர்ப்பாளர் முன் பிறகு ஆட்சேபம் சொல்வது மிகக் கடினம். உத்தரவாதமாக நீங்கள் வழக்கமாகப் பிடித்துவைக்கும் 5 விழுக்காட்டில் பாதி வேலை முடிந்ததும், மீதிப் பாதி 12 மாதத்தில் போய்விடும். துரு அதற்குள் வராது. ஆகவே ஜன்னல், பூச்சு, நீர்காப்பு மூன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம் உங்கள் பெயரில், தயாரிப்பாளரிடமிருந்தே வர வேண்டும்.

ஒவ்வொரு மாடிப் பால்கனியிலும், கூரையிலும், கேட் அருகிலும் ஒரு தண்ணீர்க் குழாய் வைக்கச் சொல்லுங்கள். கூரை ஓரத்தில் கயிறு கட்டும் கொக்கியும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழை படாத அந்த இடங்களை முதலில், அழுத்தம் குறைந்த நல்ல தண்ணீரில் கழுவித் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். கட்டும்போது இந்தக் குழாய்களுக்கு ஆகும் செலவு அற்பம். கட்டி முடித்த பிறகு பளிங்கை உடைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.