ஊர்க்குழுவுக்கு எது உதவும்: நபார்டு வழியா, பானி வழியா?

மேட்டில் விழும் மழையை அங்கேயே மண்ணில் இறக்கிவிட வேண்டும் என்று ஓர் ஊர்க்குழு முடிவெடுத்துவிட்டால் அடுத்து இரண்டு கேள்விகள் வரும். வேலையை யார் கற்றுத்தருவார்கள்? பணம் எங்கிருந்து வரும்? மகாராஷ்டிரத்தில் இதற்கு இரண்டு வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

நபார்டு (வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி) வழி பழையது. ஹெர்மன் பாக்கர் என்ற இயேசு சபைப் பாதிரியாரின் முயற்சியில், 1992-இல் ஜெர்மன் நிதியோடு தொடங்கிய திட்டம்தான் அதன் வேர். குழுக்களுக்குப் பயிற்சி தர 1993-இல் வாட்டர் (WOTR) என்ற தொண்டு அமைப்பு உருவானது. இதில் பணம் எடுத்த எடுப்பில் வந்துவிடாது. ஊரார் முதலில் சிரமதானம், அதாவது கூலி வாங்காத உழைப்பு, செய்து காட்ட வேண்டும். கண்டபடி ஆடுமாடு மேய்க்கவும் மரம் வெட்டவும் தடை போட வேண்டும். பிறகு சுமார் நூறு ஹெக்டேரில் மட்டும் வேலை. அதுதான் பயிற்சிக்களம். கணக்கு எழுதுவது, கூலி கொடுப்பது, வயல் வயலாகப் போய் உரிமையாளரோடு உட்கார்ந்து திட்டம் போடுவது எல்லாம் அங்கேயே பழகிவிடும். தேறினால்தான் முழு நிதி. அதுவும் ஊர்க்குழுவும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்குக்கு வரும். மெதுவான வழிதான், பொறுமை போய்விடும்.

பானி ஃபவுண்டேஷன் 2016-இல் ஆமிர் கான் குழுவினர் தொடங்கியது. ஊருக்குச் சிலரை அழைத்து நான்கு நாள் தங்கவைத்துப் பயிற்சி, அப்புறம் மழைநீரைச் சேமிக்கும் வேலையில் ஊர்களுக்கு இடையே 45 நாள் 'வாட்டர் கப்' போட்டி. முதல் ஆண்டில் பயிற்சியில் கைகொடுத்ததும் மேலே சொன்ன வாட்டர் அமைப்புதான். அந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்தது சமமட்டம் பார்க்கும் கருவி: அளவு குறித்த இரண்டு கம்புகள், நடுவே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய். நம்மூர் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல்தான். இரு கம்பிலும் தண்ணீர் ஒரே அளவில் நிற்கும் இடங்களைச் சுண்ணாம்பால் கோடிழுத்தால் அதுவே குழி வெட்டும் பாதை. பள்ளிக்கூடம் போகாதவரும் ஒரே காலையில் பிடித்துக்கொள்வார்.

ஆனால் மண் வேலைக்கு அவர்கள் பணம் தரவில்லை. ஜெயித்தால் பரிசு, மற்றபடி மண் தோண்டும் இயந்திரத்துக்கு டீசல் செலவு ஊரார் பாடு. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெளியூர்க்காரர்களிடம் வசூலிப்பதுபோல, புனே, மும்பைக்குப் பிழைக்கப் போனவர்களிடம் கேட்க வேண்டியதுதான். ஆர்வம் கிளப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. போட்டி முடிந்த மறுவருடம் தூர்ந்த குழியை யார் தோண்டுவார்கள் என்பதுதான் சிக்கல். வாட்டர் கப் 2019-உடன் நின்றது. பின்னால் வந்த 'ஃபார்மர் கப்' விவசாயிகளைக் குழுவாக நிலைக்கவைப்பதில் கவனம் வைத்தது சும்மா இல்லை.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் மூன்றாவது வழி. புதுக் குழுவுக்கு அது எட்டாக்கனி: பதிவு வேண்டும், வருமான வரிச் சலுகைக்கான பதிவுகளும் (12ஏ, 80ஜி என்பார்கள்) வேண்டும், மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். கிடைத்தாலும் தடுப்பணைக்குக் கொடுப்பார்கள், கணக்கு எழுதுபவர் சம்பளத்துக்கு யோசிப்பார்கள்.

ஊரில் ஒற்றுமை இன்னும் கூடவில்லை என்றால் பானி பாணியில் ஒரு கோடை சிரமதானம் நடத்திப் பாருங்கள். பத்துப் பேர் கடைசிவரை நின்றால் அவர்களையே குழுவாக்கி நபார்டின் மாவட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். இந்த வேலைக்கென நபார்டு வைத்திருக்கும் நீர்வடிப் பகுதி நிதி தமிழ்நாட்டுக்கும் உண்டு. யாரும் நிற்கவில்லையா? சரி, விண்ணப்பம் எழுதும் வேலையாவது மிச்சம்.