கோவிஷீல்டா, கோவாக்சினா, எம்ஆர்என்ஏவா? ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கலாம் என்றால் எதைப் போட்டுக்கொள்வது

எந்தக் கம்பெனி கோவிட் ஊசி என்று கேட்பதற்கு முன்னால், கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். ஹீமோஃபீலியா, வான் வில்லிபிராண்ட் நோய், தட்டணுக் குறைவு உள்ளவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது. ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைபாடு, ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வேண்டாத இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். முதல் வகைக்காரர்கள் கவலைப்பட வேண்டியது ஊசி குத்துகிற தசையைப் பற்றி. மருந்து எதுவாக இருந்தாலும் அது ஒன்றுதான். இரண்டாம் வகையிலோ மிகச் சிலர்தான் மருந்தின் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள்.

2021இல் இந்தியாவில் இது தலைகீழாக நடந்தது. 2021 ஜனவரியில் வந்த கோவாக்சின் தகவல் தாளில், ரத்தக்கசிவுக் கோளாறு உள்ளவர்களும் ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் போட வேண்டாம் என்று இருந்தது. கோவிஷீல்டு தாளில், அப்படி இருந்தால் ஊசி போடுபவரிடம் சொல்லுங்கள் என்று மட்டும் இருந்தது. படித்தவர்கள் கோவாக்சின் ரத்தத்துக்கு ஆகாது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த எச்சரிக்கை தசைக்குள் குத்துகிற எந்த ஊசிக்கும் பொருந்தும், கோவிஷீல்டுக்கும் சேர்த்துத்தான். இரண்டு மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து ரத்தக்கட்டிச் செய்திகள் வந்ததும், எப்போதோ காலில் ரத்தம் கட்டியவர்கள் எல்லாம் கோவிஷீல்டை விட்டு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஓட்டம் தேவையே இல்லை.

'இருக்கலாம்' என்பதை எப்படி உறுதி செய்வது

ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏபிடிடி (சோதனைக் குழாயில் ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) நீண்டிருந்தது, அதனால் 'உறைதல் கோளாறு' என்று எழுதிவிட்டார்கள் என்பது அடிக்கடி காண்கிற கதை. ஏபிடிடி நீண்டால் ரத்தம் கசியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஹீமோஃபீலியாவில் அது சரி. ஆனால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமில் காணப்படும் எதிர்ப்புப் பொருள்) இருந்தாலும் சோதனைக் குழாயில் அதே எண்தான் நீளும். உடம்புக்குள்ளோ ரத்தம் கட்டிக்கொள்ளும். ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் புரதம்) 12 குறைபாட்டிலும் ஏபிடிடி நீளும், ஆனால் கசிவே இருக்காது. ஒரே எண், மூன்று வெவ்வேறு ஆட்கள். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து மறுபடி பார்க்கும் மிக்ஸிங் ஸ்டடி செய்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்: ஃபேக்டர் குறைபாடு என்றால் நேரம் சரியாகும், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்றால் சரியாகாது.

ரத்தம் கட்டும் பக்கம் சந்தேகம் என்றால், பரிசோதனை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை. ரத்தத்தை நீர்க்க வைக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை சாப்பிடும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டுமே குறைந்துதான் காட்டும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் புரோட்டீன் எஸ் தானாகவே இறங்கும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் புரதமான ஆன்டித்ராம்பின் அளவை நம்ப முடியாது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனைகள் பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவாக இருந்தால்தான் நோய் என்று சொல்லலாம். ஃபேக்டர் ஃபைவ் லைடன் மரபணுச் சோதனைக்கு மட்டும் இந்தத் தொல்லைகள் இல்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கசிவுப் பக்கம் சந்தேகம் என்றால் தட்டணு எண்ணிக்கை, பிடி (இன்னொரு உறைதல் நேரச் சோதனை), ஏபிடிடி, பைப்ரினோஜன் (உறைதல் புரதம்). இவை நான்கும் சரியாக இருந்தும் பல் பிடுங்கினால் மணிக்கணக்கில் கசிகிறது, மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போகிறது என்றால் வான் வில்லிபிராண்ட் அளவைத் தனியாகக் கேளுங்கள். லேசான வகையில் ஏபிடிடி இயல்பாகவே இருக்கும்.

தடுப்பூசிக்கு முன் 'எதற்கும் ஒரு டி-டைமர் பார்த்துவிடுவோம்' என்று ரத்தக்கட்டி கரையும்போது வரும் துணுக்குகளை அளக்கும் சோதனையைச் சிலர் எடுப்பார்கள். காசுக்குக் கேடு. வயது, காய்ச்சல், கர்ப்பம் எதிலும் அது ஏறும். ஊசிக்குப் பின் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லாது.

கோவிஷீல்டு, ஜான்சன், ஸ்புட்னிக்: அடினோவைரஸ் வகை

கோவிஷீல்டு ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராஜெனகா ஊசியின் இந்தியத் தயாரிப்பு. சிம்பன்சி அடினோவைரஸைச் சுமைதூக்கியாக வைத்து, 0.5 மில்லியில் 5,000 கோடி வைரஸ் துகள்கள். இந்த வகை ஊசிக்குப் பின் மிக அரிதாக, தட்டணுக்களில் இருக்கும் பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிராகவே சிலர் உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்குகிறது. அது தட்டணுக்களைத் தூண்டிவிட, மூளை, வயிறு, கால், நுரையீரல் ரத்தக்குழாய்களில் கட்டிகள். அதே சமயம் தட்டணுக்கள் செலவாகி எண்ணிக்கை சரிகிறது. விஐடிடி என்பது இதன் பெயர். ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் குழுவும் நார்வே, பிரிட்டன் மருத்துவர்களும் 2021 ஏப்ரலில் இதை விவரித்தார்கள்.

பிரிட்டன் கணக்குப்படி முதல் டோஸுக்குப் பின் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு, 50 வயதுக்குக் கீழே 50,000 பேரில் ஒருவருக்கு வந்தது. இரண்டாம் டோஸில் இதைவிட மிகக் குறைவு. இந்தியாவில் 2021 மே மாதம் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கில், கோவிஷீல்டுக்குப் பின் ரத்தக்கட்டி என்று சந்தேகிக்கத்தக்கவை 26, அதாவது 10 லட்சம் டோஸுக்கு 0.61. கோவாக்சினுக்கு ஒன்றும் பதிவாகவில்லை. இங்கே எண் குறைவாக இருப்பதில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு பதிவாகாமல் போனது என்பதை யோசித்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

பழைய ரத்தக்கட்டிக்காரர்களுக்கு முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. விஐடிடி நோயெதிர்ப்பு வழியாக வருவது. பரம்பரை ரத்தக்கட்டித் தன்மையின் வழி வேறு. காலில் ரத்தம் கட்டிய வரலாறோ ஃபேக்டர் ஃபைவ் லைடனோ இருப்பவருக்கு விஐடிடி வாய்ப்பு அதிகம் என்பதற்குச் சான்று இல்லை என்று பிரிட்டன் வழிகாட்டுதல் தெளிவாகவே சொன்னது. 'அப்பாவுக்கு ஸ்ட்ரோக், அதனால் எனக்குக் கோவிஷீல்டு ஆகாது' என்பதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது.

ஜான்சன் ஊசி மனித அடினோவைரஸ் 26ஐ வைத்துச் செய்தது, ஒரே டோஸ். அதிலும் இதே சிக்கல். அமெரிக்கா 2021 ஏப்ரல் 13இல் நிறுத்தி வைத்து, பத்து நாளில் எச்சரிக்கையோடு திறந்து, 2022 மே மாதம் வேறு ஊசி போட முடியாதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஸ்புட்னிக்கின் முதல் டோஸ் அதே 26, இரண்டாம் டோஸ் அடினோவைரஸ் 5. வெளிப்படையான கண்காணிப்புத் தரவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காகவே, தேர்வு செய்யும் நிலையில் இருப்பவர் இதை முதல் இடத்தில் வைக்க வேண்டியதில்லை.

கோவாக்சின், கோர்பெவாக்ஸ்

கோவாக்சின் செயலிழக்க வைத்த முழு வைரஸ், 0.5 மில்லி, 28 நாள் இடைவெளியில் இரண்டு. கோர்பெவாக்ஸ் வைரஸின் ஒரு புரதத் துண்டு மட்டும். இதுவும் 28 நாள் இடைவெளிதான். இரண்டிலும் அடினோவைரஸ் இல்லை, விஐடிடியோடு தொடர்பும் காணப்படவில்லை. கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பலன் 77.8%, ஃபைசர் 95%. ஆனால் கோவாக்சின் சோதனை டெல்டா பரவிக்கொண்டிருந்தபோது நடந்தது, ஃபைசர் சோதனை அதற்கு முன்னால் முடிந்தது. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து யாராவது தீர்ப்பு சொன்னால் கேட்காதீர்கள்.

எம்ஆர்என்ஏ

வைரஸின் ஒரு புரதத்தை உடம்பே செய்துகொள்ளக் குறிப்பு மட்டும் தரும் வகை இது. ஃபைசர் 30 மைக்ரோகிராம், மாடர்னா முதலில் 100 மைக்ரோகிராம். விஐடிடி இவற்றோடு சேர்த்துப் பேசப்படுவதில்லை. இவற்றின் தனிச் சிக்கல், இளம் ஆண்களுக்கு இரண்டாம் டோஸுக்குப் பின் முதல் வாரத்தில் வரும் இதயத் தசை வீக்கம். மாடர்னாவில் சற்று அதிகம். ரத்தக்கட்டி பயத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான், ரத்தம் கட்டும் வரலாறு உள்ளவர்களுக்கு நல்ல தேர்வும்கூட.

உண்மையிலேயே விலக்க வேண்டியவர்கள்

ஆஸ்திரேலியாவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு அஸ்ட்ராஜெனகாவைத் தவிர்க்கச் சொன்ன பட்டியல்தான் என் பார்வையில் மிகத் தெளிவானது: முன்பு மூளைச் சிரையில் ரத்தம் கட்டியவர்கள், ஹெபாரினால் தட்டணு சரிந்தவர்கள், காரணம் தெரியாமல் வயிற்றுச் சிரைகளில் கட்டியவர்கள், ரத்தக்கட்டியோடு கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உள்ளவர்கள். ஒரு டோஸுக்குப் பின் விஐடிடியே வந்தவருக்கு அடினோவைரஸ் ஊசி இனி எப்போதும் கூடாது. இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லாதவர், கையில் அந்த ஒரு ஊசிதான் இருந்தது என்றால், போட்டுக்கொண்டது சரியான முடிவுதான். 2021இல் இங்கிலாந்தில் வெளியான 2.9 கோடிப் பேர் ஆய்வில், சிரை ரத்தக்கட்டி கூடுதலாக வந்தது அஸ்ட்ராஜெனகாவுக்குப் பின் ஒரு கோடிப் பேரில் 66. கோவிட் தொற்றுக்குப் பின் 12,614.

மிக அரிதாக இந்த ரத்தக்கட்டிச் சிக்கல் வரலாம் என்று நீதிமன்ற ஆவணத்தில் அஸ்ட்ராஜெனகா ஒப்புக்கொண்ட செய்தி 2024இல் வந்தபோது, மூன்றாண்டுக்கு முன் கோவிஷீல்டு போட்டவர்கள் பயந்துபோய் எக்கோ எடுக்க ஓடினார்கள். விஐடிடிக்கான காலம் ஊசிக்குப் பின் 42 நாள் வரைதான். அந்தக் கவலையோடு இன்று டி-டைமர் எடுப்பதில் பயன் இல்லை.

கசிவுப் பக்கக்காரர்களுக்கு: குத்தும் விதம்தான் தேர்வு

உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பு 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது: எந்த ஊசி என்பதில் பாகுபாடு இல்லை. கவனம் வைக்க வேண்டியது குத்துவதில். கிடைப்பதிலேயே மெல்லிய ஊசி, 25 முதல் 27 கேஜ் (எண் கூடக் கூட ஊசி மெல்லியது). நம் அரசு மையங்களில் வரும் ஒருமுறைப் பயன்பாட்டு 0.5 மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் 23 கேஜ் ஊசி பிரிக்க முடியாதபடி ஒட்டியே இருக்கும்; மாற்றச் சொன்னால் மாற்ற முடியாது. 23ம் ஏற்கத்தக்கதே, பிரிட்டனும் அமெரிக்காவும் அதை அனுமதிக்கின்றன. ஊசி எடுத்ததும் அழுத்திப் பிடிப்பதில் அவர்கள் சொல்வது குறைந்தது 2 நிமிடம், ஹீமோஃபீலியாக் கூட்டமைப்பு சொல்வது 10 நிமிடம். பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தவும், தேய்க்க வேண்டாம். தேய்த்தால் தசைக்குள் கசிவு பரவும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள். ஓரிரு நாள் வலி இயல்பு. வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால் இயல்பல்ல. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

கடுமையான, நடுத்தர ஹீமோஃபீலியாவில் முதலில் ஃபேக்டர், பிறகு தடுப்பூசி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஃபேக்டர் போட வருகிற நாளிலேயே தடுப்பூசியையும் வைத்துக்கொண்டால் இரண்டு தடவை அலைய வேண்டாம். ஃபேக்டர் அளவு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன்னேற்பாடு தேவையில்லை. எமிசிசுமாப் (ஃபேக்டருக்குப் பதிலாக வேலை செய்யும் ஹீமோஃபீலியா மருந்து) போடுபவர்கள் எந்த நாளிலும் போட்டுக்கொள்ளலாம். தசைக்குள் குத்தவே கூடாத நிலை என்றால், தோலுக்குள் ஊசியில்லாமல் செலுத்தும் சைகோவ்-டி இருந்தது: ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி, 28 நாள் இடைவெளியில் மூன்று முறை.

ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைக்காரர்கள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் கடந்த 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஐஎன்ஆர் (மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் உறைதல் சோதனை) உங்கள் இலக்குக்குள் இருக்க வேண்டும். அபிக்சபான், ரிவரோக்சபான் என்றால் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னதாக ஊசி, பிறகு மாத்திரை. ரத்தக்கட்டி பயத்தில் ஊசிக்கு முன் தானாக எகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) தொடங்குவது வேண்டாம். அது விஐடிடியைத் தடுக்காது, கசிவை மட்டும் கூட்டும்.

ஊசிக்குப் பின் நாட்காட்டி

முதல் இரண்டு நாள் தலைவலி, காய்ச்சல் எல்லா ஊசிக்கும் வரும். அடினோவைரஸ் ஊசி என்றால் கவனிக்க வேண்டியது நான்காம் நாளுக்கு மேல்: படுத்தால் கூடுகிற தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், விடாத வயிற்று வலி, ஒரு காலில் வீக்கம், ஊசி குத்திய இடத்துக்கு வெளியே குண்டூசித் தலை அளவுச் சிவப்புப் புள்ளிகள். அவசரப் பிரிவில் முதல் வேலை தட்டணு எண்ணிக்கை. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே, டி-டைமர் 4,000க்கு மேல் என்றால் விஐடிடி என்றே நினைத்து நடக்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் தட்டணுவை இறக்கும். ஆனால் அதில் காய்ச்சல்தான் முன்னால் வரும். சந்தேகம் இருக்கும்வரை ஹெபாரின் கூடாது, தட்டணு ஏற்றுவதும் கூடாது. சிகிச்சை கிலோவுக்கு 1 கிராம் இம்யூனோகுளோபுலின், ஹெபாரின் அல்லாத உறைவெதிர்ப்பு மருந்து. ஹெபாரின் தட்டணுக் குறைவுக்கான விரைவுச் சோதனைகள் இதைத் தவறவிடும், எலைசா முறையில் பிஎஃப்4 ஆன்டிபாடி பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கான ரத்தத்தை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.