கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியா? பணம் அனுப்பும் முன் இதைப் படிங்க

கியூபாவின் பேர்போன கோஹிபா சுருட்டு ஒரு பெட்டி, அது காயாமல் வைக்க ஹ்யூமிடார் என்கிற மரப்பெட்டி, நுனி வெட்ட ஒரு கட்டர், ஒரு லைட்டர். 'புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு முழு செட்' என்று போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் 25 சுருட்டு என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், 25 இருந்தது. அந்த செட்டில் சொன்னபடி வந்தது அந்த எண்ணிக்கை ஒன்றுதான்.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், பல வருஷமாகச் சுருட்டு பிடிப்பவர். ஒரு நாள் சாயங்காலம் எனக்கும் ஒன்று கொடுத்தார். ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பிடித்தது சுருட்டா, அந்த ஒரு மணி நேரமா என்று இன்றுவரை தெரியாது. அன்று ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. 'நாமளே பார்த்துக்கலாம்' என்கிற திமிர்தான்.

சுருட்டு விற்கும் ஒரு குழுவில் சேர்ந்து, "நான் இதுக்குப் புதுசு, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் தனிச் செய்தி வந்தது. ஏமாற்றப் பார்க்கிறவனுக்கு 'புதுசு' என்கிற சொல்லைவிட இனிப்பான சொல் வேறு கிடையாது.

ஆள் ரொம்ப மரியாதை. ஒவ்வொரு வரியிலும் ஒரு சார். "கியூபாவில, ஹவானா ஆலையில எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார் சார். அங்க வேலை செய்யறவங்களுக்குப் பங்கா சுருட்டு கொடுப்பாங்க, அதைத்தான் வெளியே விடறாங்க. அதனாலதான் பாதி விலை." கேட்க நியாயமாக இருந்தது. அங்கே ஆலைத் தொழிலாளிகளுக்குத் தினமும் சில சுருட்டு கொடுக்கிற வழக்கம் நிஜமாகவே உண்டு. ஆனால் அது அவர்கள் பிடிப்பதற்கு. முத்திரை ஒட்டிய பெட்டியைத் தூக்கி யாரும் கூலியோடு கொடுப்பதில்லை. ஹவானா தெருக்களில் சுற்றுலாப் பயணிகளை மடக்கிக் காலங்காலமாகச் சொல்லி வருகிற கதை இது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த ஆளைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். முழுப் பொய் சொல்லவே இல்லை. சொன்ன ஒவ்வொன்றிலும் மேலே சுற்றியிருந்த இலை நிஜம், உள்ளே அடைத்தது குப்பை.

பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "அதிகம் எடுத்துப் புரட்டினா உள்ள இருக்கிற ஈரம் கலைஞ்சிடும் சார்" என்றார். சுருட்டுக்கு ஈரம் முக்கியம் என்று முதல்நாள்தான் படித்திருந்தேன். எனவே தலையாட்டினேன். மூடிய பெட்டியைத் திருப்பிப் பிடித்தால் ஈரம் எங்கே போகும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

பார்சல் வந்தது. மேல்மூடி கண்ணாடி. உள்ளே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை கட்டிய சுருட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. கடிகாரக் கடை ஷோகேஸ் மாதிரி இருந்தது. இன்றைக்கே ஒன்றைப் பற்றவைக்கலாமா என்று கேட்டதற்கு, "அவசரப்படாதீங்க சார். தூரத்துல இருந்து வந்திருக்கு, மூணு வாரம் ஓய்வு கொடுங்க" என்றார். இதுவும் நிஜம்தான். பயணத்தில் ஈரம் ஏறி இறங்கிய சுருட்டைக் கொஞ்ச நாள் பெட்டியில் வைத்துப் பிறகு பிடிப்பது எல்லோரும் செய்வது. ஆனால் நான் பணம் அனுப்பிய செயலியில் புகார் கொடுக்க 15 நாள்தான் அவகாசம். மூன்று வாரம் என்பது 21 நாள். இந்தக் கணக்கு எனக்கு உறைத்தபோது, கோபத்தைவிட ஒரு வியப்புதான் முதலில் வந்தது.

அந்த மூன்று வாரமும் நான் செய்தது ஹ்யூமிடாருக்குத் தண்ணீர் ஊற்றியது. மூடியில் ஒரு முள் மீட்டர் பதித்திருந்தது. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்பார்கள். என் முள் 62ல் நின்றது. சொன்னேன். "ஸ்பாஞ்சுல தண்ணி விடுங்க சார்." விட்டேன். மறுநாளும் 62. இன்னும் விட்டேன். 62. பத்தாவது நாள் சுருட்டுகளின் மேல் வெள்ளையாகப் பொடி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "ப்ளூம் சார்! பழுத்த சுருட்டுலதான் இது வரும். உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார். இலையில் இருக்கிற எண்ணெய் வெளியே வந்து படிகமாகிறது என்று ஒரு விளக்கம் வேறு. அன்று ராத்திரி அந்தப் பூஞ்சையை நான் பெருமையாக வீட்டில் காட்டினேன். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

22ஆம் நாள் முதல் சுருட்டு. கட்டர் வெட்டவில்லை, நசுக்கியது. தலைப்பக்கம் பிளந்து மேலிலை சுருள் சுருளாகப் பிரிந்தது. லைட்டரில் பெட்ரோல் வாடை. பற்றவைத்ததும் ஒரு பக்கம் மட்டும் சரசரவென்று எரிந்து மறுபக்கம் அப்படியே நின்றது. நாக்கில் கசப்பு, மூக்கில் அமோனியா. நல்ல சுருட்டு இப்படித்தான் காரமாக இருக்கும்போல என்று விடாமல் இழுத்தேன். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, புகையை வாயோடு நிறுத்தி வெளியே விடணும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சிகரெட் மாதிரி உள்ளே இழுத்தேன். அரைச் சுருட்டில் கை ஜில்லிட்டு, வியர்த்துக் கொட்டி, வாந்தி. நிகோடின் தலைக்கேறினால் அப்படித்தான் ஆகும். அது மட்டும் கலப்படமில்லாமல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார், பெட்டியைத் தூரத்தில் இருந்து பார்த்தார், கிட்டே வரும் முன்பே சிரித்துவிட்டார்.

"தம்பி, கோஹிபா கண்ணாடி மூடியில வராது. இது வரைக்கும் வந்ததே கிடையாது."

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. ஆனாலும் எனக்குக் கற்றுக்கொடுக்கணும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பெட்டியைத் திருப்பச் சொன்னார். அசல் பெட்டியின் அடியில் 'ஹபானோஸ் எஸ்.ஏ.' (கியூபா சுருட்டை விற்கும் நிறுவனம்), 'எச்சோ என் கூபா' (கியூபாவில் செய்தது), 'தொதால்மெந்தே அ மானோ' (முழுக்கக் கையால்) என்று மரத்தைச் சுட்டுப் பதித்திருப்பார்கள். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். என் பெட்டியில் நகத்தால் சுரண்டினார், எழுத்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. பக்கத்தில் ஆலைக் குறியும் பெட்டி அடைத்த மாதமும் மையில் குத்தியிருக்கும். மாதம் ஸ்பானிஷில் இருக்கணும். ஜனவரி என்றால் 'எனெரோ'வின் முதல் மூன்று எழுத்து. என் பெட்டியில் சுத்தமான இங்கிலீஷ் ஜனவரி. கியூபா ஆலைக்காரர் எனக்காக மெனக்கெட்டு மொழிபெயர்த்திருக்கிறார்!

இடது ஓரத்தில் பச்சை நிற அரசாங்க முத்திரை ஒட்டியிருக்கும். இப்போது வருவதில் ஹாலோகிராமும் பார்கோடும் உண்டு, அந்த எண்ணை ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். என்னுடையதில் ஹாலோகிராம் இருக்கவேண்டிய இடத்தில் மிட்டாய்த் தாள் மாதிரி ஒரு வெள்ளித் துண்டு. சுருட்டுகளின் நிறமும் காட்டிக்கொடுத்தது. அசல் பெட்டியில் நிறம் பார்த்துப் பிரித்து, கருமையானதில் தொடங்கி வெளிறியது வரைக்கும் இடமிருந்து வலமாக அடுக்குவார்கள். எனக்கு வந்தவை கலர் பென்சில் டப்பாவைக் கொட்டி அள்ளியது போல இருந்தன. பெட்டியில் எஸ்ப்ளெண்டிடோஸ் என்று பெயர், கோஹிபாவில் அது ஒரு வகை. அந்தச் சுருட்டின் நீளம் 178 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். எதுவும் 170ஐத் தாண்டவில்லை, ஒன்றுக்கொன்று ஒத்தும் போகவில்லை.

கடைசியாகப் பிளேடு கேட்டார். ஒன்றை நீளவாக்கில் கிழித்து வெள்ளைத் தாளில் விரித்தார். கையால் சுற்றிய நல்ல சுருட்டில் தலையிலிருந்து நுனிவரை முழு நீள இலைகள் மடித்து மடித்து இருக்கும். அவற்றைச் சுற்றிக் கட்டிப் பிடிக்க ஒரு இலை, அதன் மேல் மேலிலை. என்னுடையதில் கொட்டியது தூள். நடுநடுவே காம்பு, ஈர்க்குச்சி மாதிரி நரம்பு, ஒரு நூல் துண்டு. மேலிலையை ஈரத் துணியால் துடைத்தபோது துணி பழுப்பாகி, இலை வெளிறிப்போனது. மதுரோ என்கிற வகை மாதிரிக் கருத்த இலை கொஞ்சம் கறை விடுவது உண்டு, ஆனால் துடைத்தால் வெளுக்காது என்றார் அண்ணன். சாயம்.

முள் மீட்டரையும் விடவில்லை. ஒரு மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நாலு சொட்டு தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு ஜிப் பைக்குள் வைத்து ராத்திரி முழுக்க மூடிவைக்கச் சொன்னார். காலையில் 75 காட்டணும். காற்றுப் போகாத பைக்குள் ஈர உப்பு இருந்தால் ஈரப்பதம் அங்கேதான் வந்து நிற்கும். என் முள் காட்டியது 62. பின்பக்கத்தைத் திறந்தால், முள்ளை நகர்த்த வேண்டிய சுருள் கம்பி முள்ளோடு சேரவே இல்லை. பாலைவனத்தில் வைத்தாலும் கிணற்றில் போட்டாலும் அது 62தான். அதை நம்பித்தான் நான் 25 சுருட்டையும் ஊறவைத்தேன். ஹ்யூமிடார் மட்டும் என்ன வாழ்ந்தது. உள்ளே ஸ்பானிஷ் சீடர் மரம் என்றார்கள் (அது ஸ்பெயின் மரமும் இல்லை, சீடரும் இல்லை, மகாகனி குடும்பம், அது வேறு கதை). தண்ணீர் பட்டு ஓரம் உப்பியதும் அழுத்திய மரத்தூள் பல்லை இளித்தது.

விற்றவருக்கு எல்லாப் படத்தையும் அனுப்பினேன். "நீங்க தண்ணி அதிகமா விட்டுக் கெடுத்துட்டீங்க சார்" என்று பதில். சார் மட்டும் கடைசிவரை குறையவில்லை. அடுத்த செய்திக்கு ஒற்றை டிக்தான். செயலிக்காரர்கள் நாள் கடந்துவிட்டது என்று புகாரை மூடினார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் சொல்கிற 'செரூட்' நம் 'சுருட்டு' என்கிற சொல்லிலிருந்து போனதுதான். சொல்லைக் கொடுத்த மொழிக்காரன் சரக்கில் ஏமாந்து நிற்கிறேன்.

புதுசாக வருகிறவர்களுக்கு, பெட்டி வாங்கவே வாங்காதீர்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்றே தெரியாதபோது 25 எதற்கு? உரிமம் உள்ள கடையில், கையில் எடுத்துப் பார்த்து ஒன்று, இரண்டு போதும். டொமினிகன் குடியரசிலும் நிகராகுவாவிலும் ஹோண்டுராஸிலும் அருமையான சுருட்டு செய்கிறார்கள். கியூபாதான் வேண்டும் என்கிற மோகத்தை வைத்துத்தான் போலிக்காரர்கள் பிழைக்கிறார்கள். அதிலும் கோஹிபா. 1966ல் தொடங்கி, 1982வரை வெளிச்சந்தைக்கே வராமல் கியூபாவை ஆண்ட காஸ்ட்ரோவுக்கும் அவர் பரிசு கொடுக்கிற தலைவர்களுக்கும் மட்டும் போன சுருட்டு. அந்தப் பெயரை என்னிடம் பாதி விலைக்கு நீட்டினார்கள், நானும் வாங்கினேன். ஹ்யூமிடாரும் இப்போதைக்கு வேண்டாம். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 65 என்று போட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, உப்புச் சோதனையில் தேறிய டிஜிட்டல் மீட்டர். என் மரப்பெட்டியைவிட நூறு மடங்கு நம்பலாம். 'ப்ளூம்' என்று யாராவது சொன்னால் பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தால் அது புகையிலை வண்டு, மற்ற சுருட்டோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அந்த ஆள் சொன்னதில் இன்னொன்றும் உண்டு, பணத்தைவிட மோசமானது. "உள்ள இழுக்கறதில்லையே சார், சிகரெட் மாதிரி கெடுதல் கிடையாது." வாயோடு நிறுத்தினாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரலாம். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். 2000ல் அமெரிக்காவின் ஏழு பெரிய சுருட்டுக் கம்பெனிகள் பெட்டியின் மேல் எச்சரிக்கை போட ஒப்புக்கொண்டன. அதில் ஒரு வாசகம், உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரலாம் என்பதுதான். என் பெட்டியில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அண்ணன்கூட இப்போது மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். நான் அந்த வாந்திக்குப் பிறகு இன்னும் தொடவில்லை. தொடுவேனா என்று கேட்காதீர்கள்.

போன வாரம் வேறொரு குழுவில், வேறொரு பெயரில், அதே 'முழு செட்' விற்பனைக்கு வந்திருக்கிறது. படமும் எனக்கு வந்த அதே படம்தான். கண்ணாடி மூடிப் பெட்டிக்கு அடியில் நீலக் கோடு போட்ட ஒரு துண்டு விரித்திருக்கும். ஹ்யூமிடார் மூடியில் இருக்கிற மீட்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். முள் 62ல் நிற்கும்.